சூப்பர்மேனை ஸ்பைடர்மேன் அடித்துப் பறக்கவிட்ட கதை தெரியுமா?

சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பது? இந்தக் கேள்விக்காக வகுப்பறையில் கட்சி கட்டி அடித்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் பலருக்குத் தெரியாத சேதி ஒன்று: அந்தச் சண்டை 1976-லேயே நடந்து முடிந்து, புத்தகமாகவும் வந்துவிட்டது! யாரோ ரசிகர் ஆசைப்பட்டு வரைந்தது அல்ல. சூப்பர்மேனை வைத்திருக்கும் டி.சி. காமிக்ஸும் ஸ்பைடர்மேனை வைத்திருக்கும் மார்வெலும், அதாவது அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பரம எதிரிகள் இருவரும், கைகோத்து வெளியிட்ட புத்தகம். விலை 2 டாலர். மற்ற காமிக்ஸ்கள் 25, 30 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பக்கமும் சாதாரண காமிக்ஸைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பரப்பு!

அந்தப் புத்தகத்தில் ஸ்பைடர்மேன் விடும் ஒரு குத்தில் சூப்பர்மேன் தூக்கியடிக்கப்பட்டுப் பறக்கிறார். மலையைத் தூக்குகிறவரை ஒரு கல்லூரிப் பையன் எப்படி அடிக்க முடியும்? சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரின் வேலை! ஸ்பைடர்மேனுக்கே தெரியாமல் அவர்மேல் சிவப்புச் சூரியக் கதிரைப் பாய்ச்சிவிடுகிறார். சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகத்துச் சூரியன் சிவப்பு. அந்த வெளிச்சத்தில் அவர் பலம் செல்லாது. சரி, அத்தோடு ஸ்பைடர்மேன் ஜெயித்துவிட்டாரா? அதுதான் இல்லை. சற்று நேரத்தில் கதிரின் வீரியம் இறங்கிவிடுகிறது. இப்போது ஸ்பைடர்மேன் குத்துகிறார், குத்துகிறார், அவர் கைதான் வலிக்கிறது. சூப்பர்மேன் அசையாமல் நிற்கிறார். இருவரும் யோசிக்கிறார்கள், விஷயம் புரிகிறது, கைகுலுக்குகிறார்கள், லூதரையும் ஸ்பைடர்மேனின் எதிரி டாக்டர் ஆக்டோபஸையும் பிடிக்கப் புறப்படுகிறார்கள்.

ஒரு முறை இவர் கை ஓங்கும், மறு முறை அவர் கை. வாசகர் பார்ப்பது சண்டை. உள்ளே ஓடுவது சரிசமக் கணக்கு. இரண்டு கம்பெனிகள் சேரும் கதைகள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. அந்தக் கணக்கை எழுத்தாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள், எங்கே ஏமாற்றினார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை நிஜமான சுவாரசியம்.

எழுத ஆள் பிடித்ததையே பாருங்கள். எழுதியவர் கெர்ரி கான்வே: முன்பு மார்வெலில் ஸ்பைடர்மேன் எழுதிக்கொண்டிருந்தவர், அப்போது டி.சி.க்கு மாறியிருந்தார். வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரூ: டி.சி.யில் நெடுங்காலம் வரைந்தவர், அப்போது மார்வெலில் ஸ்பைடர்மேன் வரைந்துகொண்டிருந்தார். இருவருமே இரண்டு வீட்டிலும் உப்புத் தின்றவர்கள்! அப்படியும் மனசு ஆறவில்லை. ஆண்ட்ரூ வரைந்த சூப்பர்மேன் உருவங்கள் சிலவற்றை நீல் ஆடம்ஸ் திருத்தி வரைந்தார். ஸ்பைடர்மேன் பக்கத்து முகங்களை ஜான் ரொமீட்டா தொட்டுச் சரிசெய்தார். முன்னுரைகூட ஒன்று போதவில்லை. மார்வெல் சார்பில் ஸ்டான் லீ, டி.சி. சார்பில் கார்மைன் இன்ஃபான்டினோ என்று இரண்டு. கல்யாணப் பத்திரிகையில் யார் வீட்டுப் பெயர் முதலில் என்று இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்து பேசுவார்களே, அந்த மாதிரி!

சரி, 1976-தான் முதல் சந்திப்பா? அதிகாரபூர்வமாக நாயகர்கள் சந்தித்தது அப்போதுதான். ஆனால் அதற்கு முன்பே கள்ளத்தனமாகச் சந்தித்துவிட்டார்கள்!

1969. மார்வெலின் ராய் தாமஸும் டி.சி.யின் டென்னி ஓ'நீலும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். அந்த ஆண்டு அவெஞ்சர்ஸ் 69-ஆம் இதழில் ஒரு வில்லன் கும்பல் தலைகாட்டுகிறது. ஹைப்பீரியன் என்று ஒருவர், அசப்பில் சூப்பர்மேன். நைட்ஹாக், பேட்மேன். டாக்டர் ஸ்பெக்ட்ரம், கிரீன் லான்டர்ன். விஸ்ஸர், ஃப்ளாஷ். பெயரும் உடையும் வேறு, ஆள் அதே. பிற்பாடு டி.சி.யும் பதில் மொய் எழுதியது: ஜஸ்டிஸ் லீக் 87-ஆம் இதழில் தோர், குவிக்சில்வர் சாயலில் நாலு பேர் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து நின்றார்கள்.

இதைவிடத் துணிச்சலானது 1972-இல் நடந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரட்லாண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே டாம் ஃபேகன் என்ற காமிக்ஸ் பிரியர் ஆண்டுதோறும் ஹாலோவீன் ஊர்வலம் நடத்துவார். ஊர்மக்கள் சூப்பர் ஹீரோ வேஷம் கட்டி வருவார்கள், காமிக்ஸ் எழுத்தாளர்களும் கிளம்பிப் போவார்கள். அப்படிப் போனவர்களில் மூன்று நண்பர்கள்: ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், லென் வீன், நம்ம கெர்ரி கான்வே. மூவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். எங்கிள்ஹார்ட் மார்வெலின் அமேஸிங் அட்வென்ச்சர்ஸ் 16-ஆம் இதழில் ஒரு கதையைத் தொடங்குகிறார். அதே இரவு, அதே ஊர்வலம், டி.சி.யின் ஜஸ்டிஸ் லீக் 103-ஆம் இதழில் வீன் கையில் தொடர்கிறது. முடிவு? மறுபடி மார்வெலில், தோர் 207-இல், கான்வே கையில்! மூன்று இதழ்களிலும் அந்த மூன்று எழுத்தாளர்களே கதாபாத்திரங்களாக ரட்லாண்ட் வீதியில் நடமாடுகிறார்கள். ஒவ்வொரு கதையும் தனியே படித்தாலும் நிற்கும். மூன்றையும் வாங்கிப் படித்த வாசகனுக்கு மட்டும் குட்டு தெரியும். ஒப்பந்தம் இல்லை, வக்கீல் இல்லை, சரிசமக் கணக்கு இல்லை. இந்த வகைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் 1981. பேட்மேனும் ஹல்க்கும்! ஒருவருக்கு எந்தச் சக்தியும் கிடையாது, மற்றவர் கோபம் வந்தால் ஊரையே பிய்ப்பவர். பேட்மேன் என்ன செய்தார் தெரியுமா? மயக்க வாயுவை வீசினார். ஹல்க் மூச்சை அடக்கிக்கொண்டார். பேட்மேன் ஓடி வந்து ஹல்க்கின் மேல்வயிற்றில் சரியான இடம் பார்த்து விட்டார் ஓர் உதை. ஹல்க்குக்கு வலிக்கவில்லை, ஆனால் வாய் திறந்தது, மூச்சு உள்ளே போனது, வாயுவும் போனது! கணக்கையும் காப்பாற்றி, வாசகனையும் நம்பவைத்த அடி என்றால் இதைத்தான் சொல்வேன்.

1982-இல் மார்வெலின் எக்ஸ்-மென்னும் டி.சி.யின் டீன் டைட்டன்ஸும் சேர்ந்தார்கள். படம் வால்ட் சைமன்சன், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இப்போது பெரிய கூத்துக்கு வருவோம். 1996-இல் இரண்டு பிரபஞ்சங்களும் மோதுகின்றன. தோற்கும் பிரபஞ்சம் அழியும் என்று அறிவிப்பு. மொத்தம் 11 சண்டைகள். நான்கு இதழ்களில் இரண்டுக்கு 'டி.சி. வெர்சஸ் மார்வெல்' என்று தலைப்பு, இரண்டுக்கு 'மார்வெல் வெர்சஸ் டி.சி.'! முக்கியமான ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார். ஸ்பைடர்மேன் சூப்பர்பாயை வென்றார். பேட்மேனும் கேப்டன் அமெரிக்காவும் சாக்கடைச் சுரங்கத்தில் மல்லுக்கட்டியதில் பேட்மேன் ஜெயித்து, தண்ணீரில் மூழ்கவிருந்த கேப்டனைத் தூக்கியும் விட்டார். வொண்டர் உமன், மார்வெலின் ஸ்டார்மிடம் தோற்றார். இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சண்டைக்குச் சற்று முன் தோரின் சுத்தியல் வொண்டர் உமன் கையில் கிடைக்கிறது. தகுதி உள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய சுத்தியல். அவர் அநாயாசமாகத் தூக்குகிறார். பிறகு, இதை வைத்துச் சண்டை போட்டால் நியாயமாக இருக்காது என்று வைத்துவிட்டுப் போய்த் தோற்கிறார்!

மார்வெலின் வோல்வரினும் டி.சி.யின் லோபோவும் மோதியதைக் கேளுங்கள். இருவரும் மதுக்கடை மேஜைக்குப் பின்னால் உருண்டு விழுகிறார்கள். அதன் பிறகு நமக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் வோல்வரின் மட்டும் எழுந்து வந்து சுருட்டுப் பிடிக்கிறார், அவ்வளவுதான். லோபோ ரசிகர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். வாசகர் ஓட்டில் மார்வெல் 3, டி.சி. 2. எழுத்தாளர்கள் தாங்களே முடிவு செய்த மற்ற ஆறு சண்டைகளில்? 3-3! இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பிரபஞ்சமும் அழியவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்தன. கலந்ததில் பிறந்ததுதான் 'அமால்கம்' வரிசை: பேட்மேனும் வோல்வரினும் ஒரே ஆளாகி டார்க் கிளா, சூப்பர்மேனும் கேப்டன் அமெரிக்காவும் சேர்ந்து சூப்பர் சோல்ஜர், வொண்டர் உமனும் ஸ்டார்மும் சேர்ந்து அமேசான். 1996-இல் 12 இதழ்கள், 1997-இல் இன்னொரு 12. பல காலமாக வந்துகொண்டிருக்கும் கம்பெனி மாதிரி காட்ட, இல்லாத பழைய இதழ்களைப் பாராட்டிப் பொய் வாசகர் கடிதங்கள்கூட அச்சிட்டார்கள்! இரண்டு உலகத்துக்கும் கதவு திறக்க ஆக்சஸ் என்று ஒரு புது நாயகனை உருவாக்கி, அவனை இரண்டு கம்பெனிகளும் கூட்டுச் சொத்தாக வைத்துக்கொண்டன. பாவம் ஆக்சஸ். கூட்டுச் சொத்து என்பதால் ஒருவர் மட்டும் நினைத்தால் அவனுக்கு வேலை கொடுக்க முடியாது.

கூட்டுச் சொத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 'சூப்பர் ஹீரோ' என்ற வணிக முத்திரையே அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் டி.சி., மார்வெல் இருவருக்கும் கூட்டாகச் சொந்தமாக இருந்தது! ஒரு சின்ன நிறுவனம் எதிர்த்து மனுப் போட்டது. இரண்டு ஜாம்பவான்களும் பதில் மனுவே தாக்கல் செய்யவில்லை. 2024 செப்டம்பரில் முத்திரை ரத்தானது.

விசித்திரங்களும் உண்டு. பள்ளிக்கூடக் காதல் கலாட்டா ஆர்ச்சியும், கண்ணில் பட்ட குற்றவாளியைச் சுட்டுத்தள்ளும் பனிஷரும் 1994-இல் ஒரே கதையில் சந்தித்தார்கள். பனிஷர் துரத்தி வந்த போதைப்பொருள் ஆசாமி பார்க்க ஆர்ச்சி மாதிரியே இருப்பான், அதுதான் சாக்கு! 1996-இல் ஜான் பைர்ன் செய்த பேட்மேன்–கேப்டன் அமெரிக்கா கதை 1945-இல் நடக்கிறது. அதில் பேட்மேனின் எதிரி ஜோக்கர், கேப்டன் அமெரிக்காவின் எதிரி ரெட் ஸ்கல்லுடன் கூட்டுச் சேர்ந்து களவில் இறங்குகிறான். கூட்டாளி வேஷக்காரன் அல்ல, நிஜமான நாஜி என்று தெரிந்ததும் ஜோக்கரே எதிர்த்து நிற்கிறான்.

தமிழ் வாசகர்களுக்கு ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன். சிவகாசி லயன் காமிக்ஸில் ஹெலிகாரில் பறந்து வந்தாரே ஸ்பைடர், குற்றச் சக்கரவர்த்தி? அவர் ஸ்பைடர்மேன் அல்ல, 1965-இல் பிரிட்டனில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல்! சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஜோ ஷூஸ்டரும் அவரும் 1938-இல் சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றுவிட்டு, உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள். 1975 டிசம்பரில்தான், அதாவது சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் கைகுலுக்கிய புத்தகம் வரவிருந்த நேரத்தில், அவர்களுக்கு ஓய்வூதியம் தர ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்று: முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவியும் இந்த ஸ்பைடரும் ஒரே கதையில் வந்திருக்கிறார்கள்! 2005-இல் தொடங்கிய 'ஆல்பியன்', ஆலன் மூரின் கதைத்திட்டம். வெளியிட்டது வைல்ட்ஸ்டார்ம், டி.சி.யின் கிளை. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய மறையும் மாயாவி சூப்பர்மேன் வீட்டுக் கிளையிலேயே புத்தகமாகிவிட்டார். அப்படியே ஒரு நாள் பேட்மேன் குகைக்குள் போய், அங்கே ஓடும் அத்தனை மின்சாரத்திலும் கையை வைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது. யாராவது ஒப்பந்தம் போடுங்கள் ஐயா!

கடைசியாக ஒன்று. ஜஸ்டிஸ் லீகும் அவெஞ்சர்ஸும் சந்திக்கும் புத்தகத்தை 1983-இல் ஜார்ஜ் பெரஸ் வரையத் தொடங்கினார். 21 பக்கம் முடித்தார். அதற்குள் கதை பற்றி இரு அலுவலகங்களுக்கும் தகராறு, திட்டம் நின்றது. 20 ஆண்டுகள் போயின. 2003-இல் கர்ட் பியூசிக் எழுத, அதே பெரஸ் மறுபடி உட்கார்ந்தார். மூன்றாம் இதழ் அட்டையில் இரண்டு அணிகளிலும் அதுவரை இருந்த அத்தனை உறுப்பினர்களையும், ஒருவர் விடாமல், முகம் தெரிய வரைந்தார். அதில் கை தசைநாண் வீங்கி அவதிப்பட்டார் மனிதர்! கதையின் உச்சத்தில் சூப்பர்மேன் ஒரு கையில் கேப்டன் அமெரிக்காவின் கேடயம், மறு கையில் தோரின் சுத்தியலோடு பாய்கிறார். அந்தப் பக்கத்தில் கண் நிற்கும். போர் முடிந்ததும் சுத்தியலை மறுபடி தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கணக்கு நேர்!

2022-இல் பெரஸ் புற்றுநோயில் இறப்பதற்குச் சற்று முன், அவரைக் கௌரவிக்க ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அறக்கட்டளை இந்தப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்தது. வெறும் 7,000 பிரதிகள்.

கூட்டணி இன்னும் தொடர்கிறது. 2025 செப்டம்பரில் மார்வெல் போட்டது 'டெட்பூல்/பேட்மேன்', நவம்பரில் டி.சி. போட்டது 'பேட்மேன்/டெட்பூல்', பெயர் வரிசையைப் பார்த்தீர்கள்தானே! இவற்றில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், 1996 ஓட்டுச் சண்டையை விட்டுவிடுங்கள், பெரஸ் வரைந்ததைத் தேடுங்கள். கிடைத்தால் யார் கேட்டாலும் இரவல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.