ஆங்கிலத்தில் கேட்டறியும் தேர்வு

"பிள்ளை ஆங்கிலம் வாசிக்கிறான், எழுதவும் செய்கிறான். இன்னும் என்ன வேண்டும்?" என்று தோட்டத்துப் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. ஒரு காலத்தில் அவ்வினா நியாயமானதே. 1988-இல் தொடங்கி 2021-இல் அகற்றப்பட்ட யு.பி.எஸ்.ஆர். எழுத்துத் தேர்வில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதி இருந்ததில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டுக்குரிய எஸ்.பி.எம். முதல் ஆங்கிலத்திற்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள் வந்துவிட்டன. கேட்டல் தாளில் 40 நிமிடத்தில் 30 வினாக்கள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்; அதைச் செவிமடுத்து விடை எழுதவேண்டும். இன்று நம் பள்ளியில் பயிலும் சிறுவர்கள் நாளை ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இடைநிலைப் பள்ளி மண்டபத்தில் அமர்ந்து அதை எதிர்கொள்ளப் போகிறவர்களே.

சொல்வதெழுதுதல் போதாதா எனலாம். 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளருக்கென முதன்முதலாக ஆங்கிலத் தேர்வு நடத்தியபோது அதிலும் சொல்வதெழுதுதல் இருந்தது. (எழுதியவர் மூவர், ஒருவரும் தேறவில்லை என்பது வேறு கதை.) நம் வகுப்பில் சொல்வதெழுதுதலில் ஒரு பிழையும் விடாத மாணவி ஒருத்தியிடம், அவள் எழுதிய வாக்கியத்தின் பொருளைக் கேட்டோம். திகைத்து நின்றாள். காது கேட்டது, கை எழுதியது. கருத்து இடையில் நுழையவே இல்லை. அன்றுதான் நாம் இத்தனை ஆண்டுகளாக எதைச் சோதித்து வந்தோம் என்ற ஐயம் நமக்கே எழுந்தது.

நம் பிள்ளைகளுக்குத் தனி இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் வெள்ளாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'கோட்' என்றே நிற்கும். தமிழில் ககரத்தின் வல்லொலியும் மெல்லொலியும் இடம் நோக்கி ஒலிக்குமேயன்றிப் பொருளை மாற்றா, ஆங்கிலத்தில் மாற்றிவிடும். பதின்மூன்றைக் குறிக்கும் 'தெர்ட்டீன்', முப்பதைக் குறிக்கும் 'தெர்ட்டி' ஆகியவற்றிலோ வேறுபாடு வால்பகுதியில்தான். விரைந்து பேசுகையில் அதுவும் மங்கிவிடும். நேரமும் விலையும் கேட்கப்படும் வினாக்களில் பிள்ளைகள் தடுமாறுவது இதனாலேயே.

இதனால் நம் பிள்ளைகளின் செவி குறைபாடுடையதென்று எண்ணவேண்டா. மலாய் மொழியில் 'இரண்டு' என்பதும் 'முதிய' என்பதும் நம் எழுத்தில் 'துவா'தான். எனினும் சந்தையில் அவ்விரண்டையும் ஐந்து வயதுப் பிள்ளை பிரித்தறிகிறது. மலாய் நாள்தோறும் காதில் விழுகிறது. ஆங்கிலம் தோட்டத்தில் விழுவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

ஆகவே, சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கேட்டதற்குரிய விடையை நீண்ட ஆங்கில வாக்கியமாக எழுதச் சொன்னால், எழுத்தில் பின்தங்கிய பிள்ளை கேட்டலிலும் பின்தங்கியவனாகத் தோன்றுவான். அதனால்தான் கீழ்வகுப்புகளில் படத்தைச் சுட்டச் சொல்கிறோம். சொன்ன வண்ணத்தைத் தீட்டச் சொல்கிறோம். எழுந்து கதவைச் சாத்தச் சொல்கிறோம். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சன்னல்வழி பார்ப்போர் எண்ணக்கூடும். நடப்பது தேர்வு! வகுப்புசார் மதிப்பீட்டில் இவையும் குறித்துக்கொள்ளப்படுகின்றன.

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்போருக்கு ஒன்று கூறுவோம். கேட்டறிந்ததைத் தமிழில் சொன்னாலும் அது கேட்டறிந்ததே. மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது என்பதைத் தோட்டத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இரவில் தொலைக்காட்சியின் ஆங்கில வானிலை அறிக்கையைப் பிள்ளையைக் கேட்கச் செய்து, "நாளை மலாக்காவில் மழையா?" என்று தமிழில் வினவுங்கள். அறிவிப்பாளர் சொன்னது என்ன, எந்த வேளைக்குச் சொன்னார் என்று அவன் விளக்கட்டும். முதல் வாரம் ஊகித்துத்தான் சொல்வான். ஊகமா, கேட்டதா என்பதை அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.