நெடுநடைக்கு எந்தப் பாட்டு?

சென்ற மாசி மாதத்தில் எங்கள் வகுப்பு மாணவிகளும் சில தாய்மாரும் ஆசிரியைகள் இருவருமாகப் பண்ணையிலிருந்து ஊர்காவற்றுறைக்கு நடந்தோம். ஏறக்குறைய 20 கிலோமீற்றர். தண்ணீர், பேரீச்சம்பழம், பிளாஸ்டர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. எனக்குக் கிடைத்தது பாட்டு. வழி முழுவதும் எதைக் கேட்டுக்கொண்டு நடப்பது என்று நான்தான் தெரிவு செய்ய வேண்டும். இலேசான வேலை என்று நினைத்து முப்பது பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் சேர்த்தேன். எல்லாம் துள்ளலானவை. ஒருவருக்கும் சோர்வு வரக்கூடாது என்பதைத் தவிர வேறு யோசனை எனக்கு இருக்கவில்லை.

ஸுபஹுத் தொழுகை முடிந்து புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தின் இரு பக்கமும் பரவைக்கடல். இடுப்பளவு தண்ணீரில் மீனவர்கள் நின்று வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறிய ஒலிபெருக்கியை முதுகுப்பையில் தொங்கவிட்டு நான் முன்னால் நடந்தேன். பாதிப் பாட்டைக் காற்று கொண்டுபோனது. ஆனாலும் கால்களுக்கு அது கேட்டது. மண்டைதீவுச் சந்தியைக் கடந்து அல்லைப்பிட்டியில் நின்று திரும்பிப் பார்த்தபோது எங்கள் வரிசை இரண்டாக அறுந்திருந்தது. மற்றவர்கள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் என் உம்மம்மா, ஓர் ஆசிரியையின் கையைப் பிடித்தபடி. வந்து சேர்ந்து செருப்பைக் கழற்றியபோது குதிக்காலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"உன்ட பாட்டு ஓடுது மகள். அதுக்குப் பின்னால நானும் ஓடிப் பாத்தன்" என்றார்.

பிழை எங்கே என்று பிறகுதான் தேடி அறிந்தேன். சாதாரணமாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடிகள் வரை எடுத்துவைக்கிறார். கேட்கும் பாட்டின் தாளம் அந்த எண்ணிக்கைக்குக் கிட்ட இருந்தால், நாம் நினையாமலே கால் அதனோடு சேர்ந்துவிடுகிறது. சற்று வேகமான பாட்டு காலை இழுத்துக்கொண்டு போகும். என்னுடைய பாட்டுகளில் பல 130 தட்டுகளுக்கு மேல். என் நடையை எண்ணிப் பார்த்தேன்: 118. உம்மம்மாவின் நடை 92. நான் தெரிவு செய்த பாட்டுகள் எனக்கே கொஞ்சம் கூடியவை, அவருக்கோ துரத்துகிறவை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ் என்ற ஆய்வாளர் உடற்பயிற்சிக்கும் இசைக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். மிதமான உழைப்பின்போது பாட்டு மனத்தைக் களைப்பிலிருந்து திருப்பிவிடுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளின் முடிவு. இது நல்ல செய்திதான். ஆனால் களைப்பை மறைக்கிற அதே பாட்டு கொப்புளத்தையும் தாகத்தையும் மறைத்துவிடும். முன்னால் போன எங்களில் மூவருக்கும் கொப்புளம் இருந்தது. பாட்டு நின்ற பிறகே அது தெரிந்தது.

இதையெல்லாம் எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அன்ஜஷாவைப் படிக்கவில்லையா?" என்று கேட்டார். பாலைவனப் பயணங்களில் ஒட்டகங்களை ஓட்டுகிறவர்கள் பாடும் பாட்டுக்கு அரபியில் ஹுதா என்று பெயர். பாட்டின் வேகத்துக்கு ஏற்ப ஒட்டகமும் வேகம் பிடிக்கும். நபி (ஸல்) அவர்களின் பயணமொன்றில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாடி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல குரல். ஒட்டகங்கள் விரைந்தன. அப்போது நபியவர்கள் அவரை அழைத்து, கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டுபோவதுபோல மெதுவாகச் செல்லும்படி சொன்னார்கள். இது புகாரியில் பதிவான ஹதீஸ். பாடுவதை நிறுத்து என்று சொல்லவில்லை. ஏறியிருப்பவர்களைப் பார்த்து ஓட்டு என்பதுதான் அதன் கருத்து என்று ஆசிரியை விளக்கினார். கைபர் பயணத்தில் ஆமிர் இப்னுல் அக்வஃ என்ற தோழர், மற்றவர்கள் கேட்டுக்கொண்டதற்காகப் பாடியபடி சென்றதும் ஹதீஸில் இருக்கிறது. இசைக்கருவிகளைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது என் தகுதிக்கு மேற்பட்ட விடயம். குரல் மட்டுமே உள்ள பாட்டு நடைக்குப் போதும் என்பது என் அனுபவம். மின்கலம் தீர்ந்தாலும் அது தீராது.

தமிழிலும் நடைக்கென்றே பாட்டு உண்டு. வழியில் காணும் ஊர்களையும் காட்சிகளையும் சொல்லிக்கொண்டே போவது வழிநடைச் சிந்து. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்து போனபோது பாடப்பட்டது என்பார்கள். இஸ்லாமியப் புலவர்களும் சிந்து பாடியிருக்கிறார்கள். நம் குடாநாட்டிலேயே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவது கூட்டு நடைக்கு மிகப் பொருத்தமான முறை. முன்னால் போகிறவர் பின்னால் இருந்து பதில் வருகிறதா என்று கேட்டாக வேண்டும். பதில் மெலிந்தால் வரிசை நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஒலிபெருக்கிக்கு இது தெரியாது.

ஆகவே பாட்டுத் தெரிவு செய்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் அடிகளை ஒரு நிமிடம் எண்ணுவது. அதற்குக் கிட்டிய தாளத்தில் பாட்டுத் தேடுங்கள். அதில் பாதித் தாளமும் பொருந்தும். இரண்டு அடிக்கு ஒரு தட்டு விழும். முதல் ஒரு மணி நேரத்துக்கு மிக மெதுவானவை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, புதிய பாட்டைவிட நல்லது. இரு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு நடப்பதைப் பெற்றோர் தயவுசெய்து அனுமதிக்க வேண்டாம். எங்கள் வீதிகளில் நடைபாதை இல்லை. பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. சில இடங்களில் ஒன்றுமே வேண்டாம். மண்கும்பானுக்கு அப்பால் பனங்கூடல்களுக்குள் காற்று ஓலைகளை அடிக்கும் சத்தம் இருக்கிறதே, அதற்கு மேல் எதைப் போட்டாலும் நட்டம்தான்.

அன்று அல்லைப்பிட்டிக்குப் பிறகு நான் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டேன். உம்மம்மாவை முன்னுக்கு நடக்கவிட்டோம். அவர் மெல்ல ஸலவாத் சொல்லத் தொடங்கினார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். வேலணை வரைக்கும் வரிசை அறவே இல்லை. வழியில் கேட்டேன், 1990 ஒக்ரோபர் 30 இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோதும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு நடந்தீர்களா என்று.

"அண்டைக்கு ஆரும் வாய் திறக்கேல்ல. பிள்ளையள் அழுத சத்தம்தான். நான் மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு நடந்தன். என்ட உம்மாவுக்கு ஏலாது. அவ வாற வரைக்கும் எல்லாரும் நிண்டு நிண்டுதான் போனம்" என்றார்.

வங்களாவடிச் சந்தியில் அவரை பஸ் ஏற்றிவிட்டோம். நாங்கள் ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கடற்கோட்டையைப் பார்த்தபடி, வாங்கிவைத்த வாழைப்பழச் சீப்போடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நடை தொண்டைமானாற்றிலிருந்து பருத்தித்துறைக்கு. தானும் வருவதாகச் சொல்கிறார். நேற்று எங்கள் ஒழுங்கையில் நடக்கவிட்டு எண்ணினேன். இம்முறை 88. பட்டியலில் ஐந்து பாட்டுகளை நீக்க வேண்டியிருக்கிறது.