ஆன்லைன் வகுப்பு: பார்த்த பாடம் மனசுல நிக்காதது ஏன்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. சென்னை முதல் அரியலூர் அருகே உள்ள கல்லங்குறிச்சி வரை டிவியும் செல்போனும்தான் வகுப்பறை. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும். மறுநாள் கேட்டால் பதில் வராது. ஏன்?

தெரிந்தவர் துணையோடுதான் பிள்ளை அடுத்த படிக்கு ஏறும் என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்தத் துணையை வீடியோ தராது. கற்றல் இடைவெளியைக் குறைக்க 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் நேரில் சொல்லிக்கொடுத்தனர்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அவ்வப்போது வீடியோவை நிறுத்தி, "என்ன புரிஞ்சது, சொல்லு" என்று கேளுங்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்ததாக 2006-ல் ரோடிகர், கார்பிக் நடத்திய ஆய்வு காட்டியது. இதைக் கேட்க பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பாட்டியே கேட்கலாம்.