தங்குதன் இழையும் பொற்றாசியக் குமிழிகளும்

உருகுநிலை உயர்ந்த உலோகம் வெப்பத்திலும் உறுதியாய் நிற்கும் என நாம் எளிதிற் கருதிவிடுகிறோம். தங்குதன் உருகுவது 3422 பாகை செல்சியசில். எனினும் தூய தங்குதனாலான மின்குமிழ் இழை அதனினும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே தன் நிறையால் தொய்ந்தது. பளிங்கு மணிகள் இழையின் முழுத் தடிப்புக்கும் வளர்ந்து, எல்லைகளில் வழுக்கியமையே காரணம்.

அலடார் பாக்சு 1922 இல் காப்புரிமை பெற்ற முறையில், தங்குதன் ஒட்சைட்டுடன் கார உலோகச் சிலிக்கேற்றுகள் சேர்க்கப்பட்டன. பின்னர் அலுமினியச் சேர்வைகளும் சேர்க்கப்படலாயின. சூடாக்கத்தில் சிலிக்கனும் அலுமினியமும் பெரிதும் வெளியேறும். பொற்றாசியமோ தங்குதனிற் கரையாது. நுண்குமிழி வரிசைகளாய் இழையின் நீளப்போக்கில் எஞ்சும். இவை மணியெல்லைகளின் குறுக்கு நகர்வைத் தடுப்பதால், மணிகள் நீண்டு ஒன்றோடொன்று பிணைந்து வளர்கின்றன. வலுவூட்டுவது கலப்புலோகமன்று, ஏறக்குறைய வெற்றிடமே! தொழிற்சாலைகள் நெடுங்காலம் கையாண்ட இம்முறையின் உட்பொருளை இலத்திரன் நுணுக்குக்காட்டி புலப்படுத்தியது 1970களின் அளவிலேயே.