வேடமும் வாக்குச்சீட்டும்

கூத்து மேடையிலே கோமாளிக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. அரசன் முன்னிலையிலேயே அவன் அரசனை நையாண்டி செய்யலாம். மந்திரியின் நடையை நடந்து காட்டலாம். சபையோர் சிரிப்பர், அரசனும் பொறுத்துக்கொள்வான். ஆயினும் விடிந்து கூத்து முடிந்ததும் கோமாளி வேடத்தைக் கலைத்துவிட்டு வீடு செல்வானேயன்றி, அரியணையில் ஏறி அமர்வதில்லை. அவ்வாறு அமர நேர்ந்தால் யாது விளையும் என்பதை ஐரோப்பிய நகரம் ஒன்று அநுபவத்திலே கண்டது.

தன் உடலையும் செயலையுமே கருவியாகக் கொண்டு, காண்போர் முன்னிலையில் ஒருவன் ஆற்றும் கலையை நிகழ்த்து கலை என்பர். இக்கலையைக் கையாள்வோருள் சிலர் தேர்தலையே தம் மேடையாக்கியுள்ளனர். நாடக அரங்கிலே அட்டை முடியும் மரவாளும் போதும். தேர்தலிலோ நியமனப் பத்திரமும் மெய், சட்டமும் மெய், வாக்குச்சீட்டும் மெய். வேட்பாளன் விளையாட வந்தவனா, ஆள வந்தவனா என்று வாக்குப்பெட்டி வினவுவதில்லை.

ஜேர்மனியின் நாடக, திரைப்பட நெறியாளர் கிறிஸ்தோப் ஷ்லிங்கென்ஸீப் 1998 இல் இதனைச் செய்து பார்த்தார். அந்நாட்டில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றி வாடிய காலம் அது. பேர்லினிலே 'வாய்ப்பு 2000' என்னும் கட்சியை நிறுவிய அவர், "உமக்கு நீரே வாக்களியும்" என்று மக்களை அழைத்தார். அரசின் தலைவர் ஹெல்முட் கோல் விடுமுறையைக் கழிக்கும் ஒஸ்திரிய ஏரியில் வேலையற்றோர் அனைவரும் ஒரே வேளையில் இறங்கினால், நீர் உயர்ந்து அவரது இல்லத்தை மூழ்கடிக்கும் என்றார். வந்தோர் சில நூற்றுவரே, ஏரி பொங்கவில்லை. கட்சிக்குக் கிடைத்த வாக்கும் நூற்றுக்கு ஒன்றிலும் மிகக் குறைவு. எனினும், அறிக்கைகளிலே வெறும் எண்ணாகக் கிடந்த வேலையற்றோர் ஆட்களாகக் கண்முன் நின்றனர். தோற்றமையால், ஆட்சிப் பொறுப்பு எதுவும் அவர் தலையில் விழவில்லை. வென்றிருந்தால் என்ன செய்திருப்பார்? அத்தகைய வினாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஐஸ்லாந்து விடையளித்தது.

அந்நாளில் ஏறத்தாழ 320,000 மக்கள் வாழ்ந்த அத்தீவிலே, 2008 ஒக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. நாணயத்தின் பெறுமதி சரிந்தது. வெளிநாட்டு நாணயத்திற் கடன்பட்டு வீடு வாங்கியோர் கலங்கி நின்றனர். மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தின் முன் திரண்டனர். 2009 சனவரியில் அரசாங்கம் வீழ்ந்தது. வங்கிகளின் வீழ்ச்சியை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 2010 ஏப்பிரலில் வெளிவந்தபோது, தலைநகரான றெய்க்யவிக்கின் நகர நாடக அரங்கில் நடிகர்கள் அதனை முதலிலிருந்து முடிவுவரை மேடையிலே உரக்க வாசித்தனர். கணக்கும் கடனும் நாடகப் பொருளாகிவிட்ட காலம் அது.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நகைச்சுவை நடிகராகப் பெயர்பெற்றிருந்த யோன் க்னார் என்பவர் 'மிகச் சிறந்த கட்சி' என்றொரு கட்சியை ஏற்கெனவே தொடங்கியிருந்தார். இசைவாணரும் நடிகரும் அதில் இணைந்தனர். நீச்சற் குளங்களில் எல்லோருக்கும் இலவசத் துவாய், விலங்குக் காட்சிச்சாலைக்கு ஒரு பனிக்கரடி என்பன அவர்களுடைய வாக்குறுதிகள். இவற்றை நிறைவேற்றப் போவதில்லை என்பதும் மற்றொரு வாக்குறுதி! பிறர் மறைவிலே செய்யும் ஊழலைத் தாம் வெளிப்படையாகவே செய்வதாகவும் கூறினர். நகைப்பாகத் தோன்றினும், ஏமாற்றப்பட்ட மக்களுக்கு அதன் உட்பொருள் நன்கு விளங்கியது. 2010 மே 29 இல் நடைபெற்ற மாநகர சபைத் தேர்தலிலே அக்கட்சி நூற்றுக்கு 34.7 வீதம் வாக்குப் பெற்று, 15 ஆசனங்களில் 6 ஐக் கைப்பற்றி முதலிடம் அடைந்தது. மூன்று ஆசனங்கள் பெற்ற சமூக சனநாயகக் கட்சியுடன் கூடிச் சபை அமைத்தது. யோன் க்னார் நகரபிதாவானார்.

அதன்பின் வந்தவை நகைப்புக்குரியவையல்ல. நகரின் மின்சக்தி, வெந்நீர் விநியோகத்தைக் கவனிக்கும் நிறுவனம், வெளிநாட்டு நாணயக் கடனால் முறியும் நிலையில் இருந்தது. கட்டணங்களை உயர்த்த வேண்டியதாயிற்று. ஊழியர் பலரை நீக்க வேண்டியதாயிற்று. செலவைக் குறைப்பதற்காகப் பாடசாலைகளை இணைக்க முற்பட்டபோது பெற்றோர் கொதித்தெழுந்தனர். நேற்றுவரை ஆள்வோரைக் கேலி செய்தவர், இன்று கேள்விக்கு விடை கூறவேண்டியவரானார். பனிக்கரடி வரவில்லை, நிறுவனமோ மெல்ல மெல்லக் கடனிலிருந்து மீளத் தொடங்கியது. நகரவாசிகள் தம் யோசனைகளை இணையத்தின் வழியே சபைக்கு அறிவிக்கும் முறையும் நிலைபெற்றது. அநுபவமிக்க தோழமைக் கட்சியின் துணை இதற்கெல்லாம் பெரிதும் உதவிற்று என்பதையும் மறத்தலாகாது. நான்கு ஆண்டுத் தவணை முடிந்ததும், 2014 இல், அவர் மீண்டும் போட்டியிடாது விலகினார்.

வாக்குரிமை அரும்பாடுபட்டுப் பெற்ற பொருள். அதனை வேடிக்கையாக்குதல் தகாது என்போர் உளர். அவர் கூற்றிலே நியாயம் உண்டு. சிரிப்பு ஒரு கேடயமுமாகும். கேள்வி எழும்போதெல்லாம் "வேடிக்கைக்குச் சொன்னேன்" என்று தப்பிக்கொள்ளும் தலைவனால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆகையால் இத்தகைய வேட்பாளனை எடைபோடவேண்டிய இடம் தேர்தல் மேடையன்று. வென்றபின் வரும் வரவுசெலவுத் திட்டத்தின் முன் அவன் எவ்வாறு அமர்கிறான் என்பதே உரைகல். றெய்க்யவிக்கின் கோமாளி அங்கே சிரிப்பின் பின்னே ஒளியவில்லை. கட்டணத்தை உயர்த்திய பழியையும் தாமே ஏற்றார். 2024 இல் யோன் க்னார் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அவ்வாண்டின் இறுதியில் வேறொரு கட்சியின் சார்பிலே நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அம்முறை பனிக்கரடியைப் பற்றிப் பேசவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.