உங்களுக்குத் தெரியுமா? கற்பூரவல்லியின் வாசனையும் நோரோவைரஸின் கவசமும்

1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் நகரில் ஒரு பள்ளியின் மாணவர்களை வாந்தியாலும் பேதியாலும் வாட்டி, 1972 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கப்பிகியன் என்னும் விஞ்ஞானியால் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வாயிலாகக் கண்டறியப்பெற்ற நோரோவைரஸ், கொழுப்புறை ஏதுமின்றிக் கடினமான புரதக் கவசத்தையே தரித்திருப்பதால், ஆல்கஹால் கலந்த கை சுத்திகரிப்புத் திரவங்களுக்கு எளிதில் பணிவதில்லை.

அத்தகைய கவசத்தையும் தகர்க்கவல்ல பதார்த்தம் ஒன்று, ஒரேகனோ என்னும் மூலிகையின் தைலத்தில் பிரதானமாக விளங்கும் கார்வக்ரால்: 2014 ஆம் ஆண்டில் வெளியான அரிசோனா பல்கலைக்கழக ஆராய்ச்சியில், மனித வைரஸுக்குப் பிரதிநிதியாக எடுத்துக்கொண்ட எலி நோரோவைரஸின் கவசம் இப்பொருள் பட்டுப் பன்மடங்கு பருத்துச் சிதைந்தது. நம் வீட்டு முற்றத்துத் தொட்டியில், மெல்லிய ரோமம் படர்ந்த தடித்த இலையைக் கசக்கிய கணமே நாசியை நிறைக்கும் கற்பூரவல்லியின் வாசனையிலும் அதே கார்வக்ரால் கலந்திருக்கிறது.

ஆயினும் இது பரிசோதனைச்சாலையில் கண்ட உண்மையேயன்றி நோய் தீர்க்கும் மருந்தன்று; உணவைத் தொடுமுன் சோப்பும் நீரும் கொண்டு கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே நமக்கு இன்றும் உத்தமமான பாதுகாப்பு.