ஸ்திரீதனம்: உரிமையும் கைவசமும்

மணமான பெண் கணவன் வீட்டைவிட்டு வெளியேறும்போது அவளது நகைகளும் உடைமைகளும் அங்கேயே தடுத்து வைக்கப்படுவதைச் சமூகம் குடும்பப் பிணக்காகவே நோக்குகிறது. உண்மையில் அது உடைமையுறவு பற்றிய பிரச்சினையாகும். நிலமோ ஊதியமோ அற்ற பெண்ணுக்கு நகையே தனித்து வாழ்வதற்கான முதல். இந்தியச் சட்டம் இதனை எவ்வாறு அணுகியுள்ளது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

கணவன் வீட்டை அடைந்ததும் ஸ்திரீதனம் இருவரதும் கூட்டுக் கைவசத்துக்கு உரியதாகிவிடுகிறது. ஆதலின் நம்பிக்கை மோசடி என்னும் குற்றம் சாதாரணமாக எழாது என 1982 இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கருதியது. 1985 இல், பிரதிபா ராணி வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் இக்கருத்தை நிராகரித்தது. ஸ்திரீதனம் பெண்ணுக்கே முழுதும் உரியது. கணவன் அதனைக் காத்து வைப்பவன் மாத்திரமே. கைவசம் உரிமையாகாது என்பதே தீர்ப்பின் சாரம். 1997 இல் மூன்று நீதியரசர் கொண்ட ஆயமும் இதனை உறுதிப்படுத்தியது.

இன்று அவளுக்குப் பிரதானமாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குற்றவியல் முறைப்பாடு. பழைய தண்டனைச் சட்டத்தின் 406ஆம் பிரிவு வகித்த இடத்தை 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு வகிக்கிறது. இரண்டாவது, 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7, 8ஆம் பிரிவுகளின்கீழ் அப்பொருளையே மீட்கத் தொடுக்கும் குடியியல் வழக்கு. மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். அதன் 19(8)ஆம் பிரிவின்கீழ், ஸ்திரீதனத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட மனைவிக்கும் இவ்வுரிமை உண்டு என்பது 2015 இல் தெளிவாக்கப்பட்டது.

எனினும் வழக்கு சான்றிலேயே தங்கியுள்ளது. மணப்பரிசுகளுக்குப் பட்டியல் பேணவேண்டும் என 1985ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆயின், பற்றுச்சீட்டும் பட்டியலும் வசதிபடைத்த வீடுகளில் கிடைப்பதுபோல், கூலி உழைப்பால் ஒரு சோடி தோடு சேர்த்தவளிடம் கிடைப்பதில்லை. சட்டத்தின் சமத்துவம் வர்க்க ஏற்றத்தாழ்வின்மீதே இயங்குகிறது.

எமது யாழ்ப்பாணச் சூழலுடன் ஒப்பிடுதலும் பயனுடையது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனி ஆதனத்தை அங்கீகரித்தது. அசைவுள்ள ஆதனத்தைக் கணவனின் சம்மதமின்றியே அவள் கையாளலாம். அசைவற்ற ஆதனத்துக்கோ அவனது எழுத்துமூலச் சம்மதம் தேவை. நகையில் சுதந்திரம் வழங்கிய சட்டம் நிலத்தில் அதனை மறுத்தது. பெண்ணின் நகை அவளுடையது என்பதை ஏற்றல் தொடக்கமே. அதனைத் திருப்பிக் கேட்கும் வலிமையை அவளுக்குத் தருவன நிலமும் தொழிலும் இலவசச் சட்ட உதவியுமேயாகும்.